சீசாவுக்குள்ள என்ன கண்ணு இருக்குது?

ஏங்கண்ணு, வயிறுன்னு ஒண்ணு உங்க தலைமொறைக்குத்தான் புதுசா மொளைச்சுதா? சும்மா கேக்கறேன். போன எடுத்தாக் குடலு, வெச்சாக் குடலு. உள்ளாற நல்ல கிருமி எத்தன, கெட்ட கிருமி எத்தனன்னு கணக்கு. காலங்காத்தால வெறும் வயித்துல ஆப்பிள் காடி. பத்து மணிக்கு வெள்ளரித் துண்டு மெதக்கற தண்ணி, அதுக்குப் பேரு டீடாக்ஸாம். மத்தியானம் பிரியாணிய ஒரு கை பாத்துப்போட்டு, சாயங்காலம் புரோபயாட்டிக் பொட்டலம். ராவைக்கு மறுபடியும் பரோட்டா. நடுவுல பசிச்சுதான்னு அந்த வயித்த ஒரு வார்த்த கேட்டீங்களா?

நீலகிரி மலையில, குந்தாவுல குந்தியிருக்கற எனக்கு இதெல்லாம் நல்ல வேடிக்க. சனி ஞாயிறு வந்தாப் போதும், காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தைன்னு கீழ இருந்து காரு வரிசையா ஏறுது. 43 கொண்டை ஊசி வளைவு. கெளம்பும்போதே மூக்கு முட்டத் தின்னு போட்டு வர்றது. பாதி வளைவுலயே ஜன்னல் வழியா அம்புட்டையும் காட்டுக்குத் தானம் பண்றது. மஞ்சூர்ல எறங்குனதும் மொதல் கேள்வி, “தாத்தா, மெடிக்கல் எங்க இருக்குது?” ரெண்டாவது கேள்வி, “இங்க டீடாக்ஸ் டீ கெடைக்குமா?” சுத்தியும் தேயிலத் தோட்டம். அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு டீயில தனி டீ கேக்கறான். கடைக்காரனும் பொட்டலத்து மேல ஒரு எலப் படத்த ஒட்டி, மூணு பங்கு வெல போட்டுக் குடுத்தர்றான். பச்சக் கொழுந்துக்கு எங்களுக்குக் கெடைக்கற வெலையக் கேட்டா எங்க வயிறு எரியுது. அந்த எரிச்சலுக்குத்தான் இன்னும் எவனும் மருந்து போடல.

மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. உன்னைய மட்டும் சொல்லுல. இந்தக் கூத்து உம்பட பாட்டன் பூட்டன் காலத்துலயும் நடந்ததுதான். அன்னிக்கு இன்ஸ்டாகிராம் இல்ல, பஞ்சாங்கத்துப் பின்னட்டை இருந்துது. வேற என்ன வித்தியாசம்?

துரைமாரு இந்த மலைக்கு எதுக்கு வந்தாங்கன்னு நெனைக்கறே? பட்டணத்து வெயில்ல ஈரலும் குடலும் கெட்டுப்போச்சு, மலைக் காத்துல தேறிக்கலாம்னு வந்தாங்க. வந்த எடத்துலயும் வயிறு போச்சு. சிம்லா, டார்ஜிலிங்னு மலையூருக எல்லாத்துலயும் இதே கதை. பட்டாளத்து டாக்டருக ஒக்காந்து யோசிச்சு அதுக்கு ‘ஹில் டயரியா’ன்னு ஒரு பேரு வெச்சாங்க. காத்தக் கொற சொன்னாங்க. ஒசரத்தக் கொற சொன்னாங்க. தண்ணியக் கொற சொன்னாங்க. நாலு வேளை தின்ன தீனிய ஆராச்சும் கொற சொன்னாங்களா? இது என்ற சந்தேகம், அவ்வளவுதான்.

வயிறு போனா துரை பெட்டியத் தொறப்பாரு. அதுக்குள்ள ஒரு குட்டிச் சீசா. குளோரோடைன்னு பேரு. ஜான் காலிஸ் பிரவுன்னு இந்தியாவுல வேல பாத்த பட்டாளத்து டாக்டரு 1848 வாக்குல காலராவுக்குன்னு கலக்குனது. 1856-ல இருந்து டேவன்போர்ட்டுன்னு ஒரு லண்டன் மருந்துக்காரரு அத ஊர் ஒலகமெல்லாம் வித்தாரு. உள்ள என்ன இருந்துதுன்னு கேளு. அபினு, கஞ்சா, குளோரோஃபார்ம். மூணும் ஒரே சீசாவுல! இன்னிக்கு அதுல அபினையோ கஞ்சாவையோ மடியில வெச்சுக்கிட்டுப் போனாலும் மஞ்சூர் ஸ்டேசன்ல ஒக்கார வெச்சிருவாங்க. அன்னிக்கு அது மருந்துக் கடையில, ரிப்பன் கட்டாத கொறையா, மரியாதையா நின்னுது.

வேல செஞ்சுதான்னு கேட்டா, செஞ்சுது. பொய் சொல்லக் கூடாது. அபின் குடலக் கட்டிப்போடும். ஆளையுங்கூடக் கட்டிப்போடும். வயித்துப்போக்கு போச்சு, இருமல் போச்சு, கவல போச்சு, அளவு தப்புனவனுக்கு உசுரும் போச்சு. அப்பறம் ஃப்ரீமேன்னு இன்னொருத்தரு நானும் குளோரோடைன் விக்கறேன்னு கெளம்ப, எது அசலுன்னு 1864-ல லண்டன் கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. பிரவுன்தான் மொதல்ல கண்டுபுடிச்சாருன்னு ஜட்ஜய்யா சொல்லிப்போட்டாரு. அந்தத் தீர்ப்பையே எடுத்து வெளம்பரத்துல போட்டு இன்னும் பல வருசம் வித்தாங்க. எது அசலுன்னுதான் சண்டை. உள்ள இருக்கறது என்னன்னு கேட்டவன் கொஞ்சம் பேருதான்.

இன்னொரு ஆளச் சொல்றேன், கேட்டுக்கோ. தாமஸ் பீச்சம். சின்ன வயசுல ஆடு மேச்சவரு. ஆட்டுக்கு வயிறு சரியில்லைன்னா என்ன குடுக்கறதுன்னு தெரிஞ்ச மனுசன், ஆளுகளுக்கும் மாத்திர உருட்ட ஆரம்பிச்சாரு. 1842-ல இருந்து பீச்சம் மாத்திரை. செரிக்கல, பித்தம், தலசுத்தல், எதுன்னாலும் அதேதான். ‘ஒரு டப்பா ஒரு கினி பெறும்’னு வெளம்பரம். கினின்னா 21 ஷில்லிங்கு. வித்த வெல ஒரு ஷில்லிங்கு ஒண்ணரைப் பென்ஸு. பாத்தியா, எவ்வளவு தர்மவான்!

1909-ல பிரிட்டன் டாக்டர் சங்கம் கடையில விக்கற ரகசிய மருந்தையெல்லாம் வாங்கி ஒடைச்சுப் பாத்துப்போட்டு ஒரு பொஸ்தகமே போட்டுது. பீச்சம் மாத்திரைக்குள்ள என்ன இருந்துது தெரியுமா? கரியபோளம், இஞ்சி, சோப்பு. கரியபோளம்னா வேற ஒண்ணுமில்ல சாமி, கத்தாழைச் சாத்தக் காய வெச்ச கட்டி. வேலியோரத்துல நிக்கறது, அடுப்படியில கெடக்கறது, குளிக்கற எடத்துல இருக்கறது, அம்புட்டுத்தான். ஒரு டப்பாவுல இருக்கற 56 மாத்திரைக்கும் உள்ள சரக்கோட வெல அரைப் பார்த்திங்குதான்னு எழுதியிருந்தாங்க. பார்த்திங்குங்கறது பென்ஸுல கால்வாசி. நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு. ஒண்ணுக்கு நூத்தியெட்டு மடங்கு வருது. சாமிக்குத்தான் நூத்தியெட்டு அர்ச்சனைன்னு நெனச்சேன், பேதி மாத்திரைக்கும் இருக்குது!

அந்தக் காசு என்னாச்சுன்னு கேக்கறியா? அவரு பேரன், அவரு பேரும் தாமஸ் பீச்சம்தான், பெரிய சங்கீதக் கோஷ்டிய நடத்தி, சர் பட்டம் வாங்குனாரு. ஹாலோவேன்னு இன்னொரு மாத்திரைக்காரரு வெச்ச சொத்துல பொம்பளப் புள்ளைக படிக்க ஒரு காலேஜே எந்திரிச்சுது. விக்டோரியா ராணி 1886-ல வந்து தொறந்து வெச்சாங்க. ஊரே வயித்தக் கழுவ, அதுல நாலு பேரு படிச்சாங்கன்னா நல்லதுதானே. நான் அதக் கொற சொல்ல மாட்டேன்.

அமெரிக்காக்காரன் மட்டும் எளச்சவனா? அங்க 1868-ல இருந்து ‘கார்ட்டர்ஸ் லிட்டில் லிவர் பில்ஸ்’. குட்டிக் கல்லீரல் மாத்திரை. அதுக்கும் கல்லீரலுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்லன்னு கவருமெண்டு 1943-ல வழக்குப் போட்டுது. முடிஞ்சது எப்பத் தெரியுமா? 1959-ல. பதினாறு வருசம் வாதாடி, ‘லிவர்’ங்கற ஒத்த வார்த்தைய மட்டும் டப்பாவுல இருந்து எறக்குனாங்க. மாத்திரை அதே மாத்திரை. வாங்குன சனமும் அதே சனம். பிரியாணிக்கு மேல நீ குடிக்கறியே பெப்சி, அதுவும் 1893-ல நார்த் கரோலினாவுல ஒரு மருந்துக் கடைக்காரரு, கேலப் பிராட்ஹாம்னு பேரு, செரிக்கறதுக்குன்னு கலக்குனதுதான். இப்ப அதக் குடிச்சுப்போட்டு வயிறு உப்பிக்கிச்சுன்னு வேற மருந்து தேடறே.

செரி, நம்மூருக்கு வா. நீ பொறந்தப்ப உனக்குக் கிரைப் வாட்டர் ஊத்தாம வளத்தாங்களா? உங்கம்மாளுக்கு? அவங்கம்மாளுக்கு? டிவி வெளம்பரத்துலயே பாட்டி, பாட்டியோட பாட்டின்னு வம்சமே வரிசையா வந்து நிக்கும். 1851-ல நாட்டிங்காம்ல வில்லியம் உட்வர்டுன்னு ஒரு மருந்துக்காரரு ஆரம்பிச்சது. சீசா மேல ரெண்டு கையிலயும் பாம்பப் புடிச்சு நெரிக்கற கொழந்த. அது கிரேக்கக் கதையில வர்ற ஹெர்குலிசு. நம்ம பொம்பளைக கும்புட்டுக்கிட்டே ஊத்துனாங்க, காளிங்க நர்த்தனக் கிருஷ்ணருன்னு நெனச்சாங்களோ என்னமோ.

உள்ள என்ன? சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சக்கரை, தண்ணி. ஆ, மறந்துட்டனே, பழைய சரக்குல நூத்துக்கு மூணரைக்கு மேல சாராயமும் இருந்துது. கொழந்த ஏன் அழுகாமத் தூங்குச்சுன்னு இப்பப் புரியுதா? இப்ப வர்ற சீசாவுல அது கெடையாது, பயப்படாதே. சதகுப்பையும் சோடா உப்பும் கெடுதலில்ல. ஆனா ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலத் தவுத்து ஒண்ணுமே வேண்டாங்கறாங்க இன்னிக்கு டாக்டருக. எங்க அமுச்சி காலத்துல வசம்பச் சுட்டு ஒரசி நாக்குல தடவுனாங்க. அதையும் வேண்டாங்கறாங்க. புள்ளை அழுகறதுல பாதி, தூக்கி வெச்சுக்கச் சொல்லித்தான். அதுக்கு மருந்துக் கடை எதுக்கு?

எஸ்டேட்டு லைன் வீட்டுச் சனத்துக்கு அன்னிக்கு வேற மருந்து. டிஸ்பென்சரி மிக்சரு. “சீசா கொண்டாந்தியா?”ன்னுதான் கம்பவுண்டரு மொதல்ல கேப்பாரு. சீக்கு என்னன்னு கேக்கறது அப்பறந்தான். ரோஸ் நெறத்துல சுருக்குன்னு ஒரு தண்ணி, கார்மினேட்டிவ் மிக்சருன்னு பேரு. சீசா மேல ஓரத்த வெட்டுன காகிதம் ஒட்டியிருக்கும், ஒரு வெட்டு ஒரு வேளை. வயித்து வலின்னாலும் அதுதான், மேஸ்திரி திட்டுனதுக்கு லீவு வேணும்னாலும் அதுதான். நெறம் கொஞ்சம் வெளுத்திருந்தா சனம் ஒத்துக்காது, “இன்னிக்கு மருந்துல தண்ணி எச்சு”ம்பாங்க. ஒரு விசயம் சொல்றேன். அந்த மிக்சரு பெருசா எதையும் குணப்படுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா கம்பவுண்டரு பட்டினி கெட, காப்பி குடிக்காதே, கஞ்சி குடின்னு சொல்லித்தான் அனுப்புவாரு. கேட்டவன் தேறுனான். பேரு மிக்சருக்குப் போச்சு.

நாம மட்டும் யோக்கியமா? சந்தையில கீரியையும் பாம்பையும் சண்ட போட வெக்கறேன்னு கூட்டம் கூட்டி, கடேசி வரைக்கும் சண்டையே போட வெக்காம லேகியம் வித்துப்போட்டுப் போனவன் எந்த தேசத்துக்காரன்? செரிமானம், மூலம், வாயு, ஆம்பளத்தனம், எல்லாத்துக்கும் ஒரே டப்பா. பத்திரிகையில பஞ்சாங்கத்துல வெளம்பரம் பாத்து வி.பி.பி. தபால்ல வரவழைச்சவங்க எத்தன பேரு! படிக்காதவன் சந்தையில ஏமாந்தான், படிச்சவன் தபால்ல ஏமாந்தான். இந்த அட்டகாசம் தாங்காமத்தான் 1930-ல மருந்துகள விசாரிக்கச் சோப்ரா கமிட்டி போட்டாங்க. 1940-ல மருந்துச் சட்டம் வந்துது. 1954-ல மாயாஜால மருந்து வெளம்பரத்துக்குன்னே தனிச் சட்டம். சட்டம் வந்து எத்தன வருசமாச்சு? ராத்திரி பதினொரு மணிக்கு மேல டிவியப் போட்டுப் பாரு, லேகியக்காரன் கோட்டு மாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான். பாம்பு மட்டுந்தான் இல்ல.

ஒரு சங்கதிய மட்டும் மனசுல வாங்கிக்கோ. சோடா உப்புப் பொடியத் தண்ணியில போட்டா புஸ்ஸுன்னு பொங்குதே, ஈனோ. நியூகாசில் துறைமுகத்துல ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோன்னு ஒரு மருந்துக்காரரு கப்பக்காரங்களுக்கு வித்து ஆரம்பிச்சது. சோடா உப்பு, எலுமிச்சம் புளிப்பு. குடிச்ச ஒடனே பெருசா ஒரு ஏப்பம். “அப்பாடா, கேஸ் போயிருச்சு”ங்கறே. எந்த கேஸு கண்ணு போச்சு? உன்ற வயித்துல கெடந்த காத்தா? அந்தப் பொடி பொங்குன காத்துதான் பாதிக்கு மேல. அவன் ஊதிவிட்ட காத்த நீ வெளிய விட்டுப்போட்டு அவனுக்கே காசும் குடுத்துட்டு வர்றே. புளிப்பு கொறஞ்சு எரிச்சல் அடங்கும், அது நெசந்தான், நான் மறுக்கல. ஆனா தெனமும் குடிக்கறவன் உப்பு தின்னவன் கணக்கு. ரத்தக் கொதிப்பு இருக்கறவன் டாக்டரக் கேக்காமத் தொடக் கூடாது. மெடிக்கல்ல போயி “அண்ணா, கேஸ் மாத்திரை ஒரு அட்ட”ன்னு நீயே வாங்கி, காலையில பல்லு வெளக்குன கையோட முழுங்கறியே, அதுக்கும் இதேதான். எத்தன நாளைக்குன்னு சொல்ல வேண்டியவரு டாக்டரு.

இன்னொண்ணு. ஊட்டிக்கு வர்றவன் எல்லாம் யூகலிப்டஸ் தைல சீசா வாங்காமப் போறதில்ல. 1843-ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரம், இன்னிக்கு மலை பேரையே அதுக்கு வெச்சுப்போட்டாங்க. மூக்கடைப்புக்கு மோந்து பாரு, மூட்டுக்குத் தேய். ரெண்டு சொட்டு உள்ளுக்குக் குடிச்சா வயிறு சுத்தமாகும்னு எவனாச்சும் சொன்னா, அவனையே மொதல்ல குடிக்கச் சொல்லு. கொழந்தைக்கு அது வெசம்.

இம்புட்டு மருந்து சொன்னேனே, இதுல காலராவ நிறுத்துனது எது? குளோரோடைனா? காலராவுல மனுசன் சாகறது ஒடம்புல தண்ணி வத்திப் போறதுனால. அபின் குடுத்து வாசல அடைச்சா வெளிய போன தண்ணி திரும்பி வருமா? இந்தச் சூச்சுமம் புடிபட ரொம்ப வருசமாச்சு. குடலுக்குள்ள சக்கரை உப்பக் கூட்டிக்கிட்டு ரத்தத்துக்குப் போவுது, உப்புக்குப் பின்னால தண்ணி போவுது. அம்புட்டுத்தான் விசயம்.

1971. இன்னிக்கு வங்காளதேசங்கற எடத்துல சண்டை. எல்லை தாண்டி நம்ம பக்கம் வந்த சனம் போங்காவ்ன் முகாம்ல கொத்துக் கொத்தாக் காலராவுல விழுது. ஊசி வழியா ஏத்தற சலைன் பத்தல. திலீப் மகலனாபிஸ்னு ஒரு கல்கத்தா டாக்டரு. உப்பு, சோடா உப்பு, குளுக்கோசு மூணையும் கலந்து ட்ரம்முல கரைச்சு வெச்சாரு. சொந்தக்காரங்களையே மொண்டு குடுக்கச் சொன்னாரு. நூத்துக்கு முப்பது பேரு செத்துக்கிட்டிருந்த எடத்துல சாவு நாலுக்கும் கீழ எறங்கிருச்சு. அதே சோடா உப்புதான் கண்ணு! ஈனோவுல இருக்கறது, கிரைப் வாட்டர்ல இருக்கறது. இவரு அத ஒளிச்சு வெக்கல, பொம்மை ஒட்டல, கோர்ட்டுக்குப் போகல. பேதி மாத்திரை வித்தவன் பேரன் சர் ஆனான். இவரு 2022-ல போனதுக்கு அப்பறம், மறு வருசம் பத்ம விபூஷண் குடுத்தாங்க.

நடுவட்டத்துல மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்துக்கு அந்தக் காலத்துல கவருமெண்டு ஆலை இருந்துதே, அதுவும் இந்த ஜாதிதான். கசப்பக் கசப்புன்னு சொல்லி வித்தாங்க. அதுக்குப் போட்டியா இனிக்கற சிரப்பு வித்தவன்தான் மாடி வீடு கட்டுனான். சனத்துக்கு இனிப்பா ஒரு பொய் வேணும். உண்மை கசந்தா மூஞ்சியச் சுளிக்குது.

இப்ப என்ன செய்யோணும்ங்கறே? நான் என்ன வைத்தியனா? வள்ளுவரு 95-ஆவது அதிகாரம் மருந்துன்னு தலைப்புப் போட்டுட்டு ஒரு மருந்து பேரும் சொல்லாம, செரிச்சுதா பாரு, பசிச்சுதா பாரு, அளவாத் தின்னுன்னு முடிச்சுப்போட்டாரு. அவருக்கு மேல நான் சொல்ல என்ன இருக்குது? இங்க படுகர் ஊட்டுப் பெரியவங்க ராகிக் களியும் அவரைக்கொட்டைக் கொழம்பும் தின்னுபோட்டு மேட்டுக் காட்டுல ஏறி எறங்குனாங்க. அவங்களுக்கு வயித்த நெனைக்க நேரமே இருந்ததில்ல. நீ பூரா நாளும் ஒக்காந்த எடத்துல ஒக்காந்துக்கிட்டு, வயித்துக்கு வேல குடுத்துப்போட்டு, காலுக்கு லீவு குடுத்திருக்கறே. அது மொரண்டு புடிக்காம என்ன செய்யும்?

அதுக்காக எல்லாத்தையும் கஞ்சியிலயும் இஞ்சியிலயும் தீத்துக்கலாம்னு என்ற பேரச் சொல்லிக்கிட்டுத் திரியாதே. மலம் கருப்பாப் போனா, ரத்தம் கண்டா, காரணமில்லாம எளச்சா, டாக்டரப் பாரு. நடு நெஞ்சுல பாரமா வலிச்சு வேர்த்துக் கொட்டி, கையோ தாடையோ இழுத்தா, “கேஸு”ன்னு சோடா ஒடைச்சுக் குடிச்சுப்போட்டுச் சாஞ்சிராதே. மஞ்சூர்ல இருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல, வளைவு வேற. ஒடனே வண்டி ஏறு.

வயித்தால போச்சுன்னா உப்புச் சக்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாமக் குடுக்கறாங்க. அது கைக்குக் கெடைக்கற வரைக்கும் காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டரு, தலை தட்டுன டீ ஸ்பூன்ல சக்கரை ஆறு, உப்பு அரை. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். பொட்டலத்துல ரெண்டு வாங்கி ஊட்டுல வெச்சுக்கோ. உள்ள எது எத்தன கிராமுன்னு அது மேலயே அச்சடிச்சிருக்கும், படிச்சுப் பாரு.